பச்சை நூல் கட்டிய அம்பு

மரியாதைக்குரிய தர்ஸ்டன் மாமாவுக்கு, மருமகன் ஜெர்வாஸ் வணங்கி எழுதுவது.

நான் இன்னும் மடத்துத் துறவிகளின் தயவில்தான் கிடக்கிறேன். தொடைக் காயத்தில் சீழ் வடிவது நின்றுவிட்டது. கோலூன்றி நடக்கிறேன். உங்கள் மகள் அவிசிடம் இதுவரைக்கும் சொன்னால் போதும். மீதியைப் பங்குச் சாமியாரைத் தவிர வேறு யாரும் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

உப்பு வியாபாரி வந்து நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "என் பிள்ளையைக் கொன்ன அம்பு, ஆத்துக்கு அக்கரையில என்னாட்டம் அம்பு கட்டுறானே நிக்கல், அவன் கட்டினதுதான். அவன் மகனுங்க அந்தப் பக்கம்தானே சண்டைக்குப் போனானுங்க? மே மாசம் பொறக்கட்டும், அவன் பத்து விரலையும் வெட்டி அவன் வாயிலேயே திணிக்கிறேன்" என்றீர்களாம். ஆறு பேரைச் சேர்த்தும் விட்டீர்களாம்.

உங்கள் மகன் பியர்ஸ் சட்டென்று செத்தான், யார் அம்பென்று பார்க்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். இரண்டும் பொய்.

அன்று குருத்தோலை ஞாயிறு. காற்று பனியை வாரி எங்கள் கண்ணிலேயே கொட்டியது. எதிரிகளுக்கோ அதே காற்று முதுகுப் பக்கம். ஒரே ஒரு முறை எய்தார்கள், எங்கள் ஆட்கள் சரிந்தார்கள். எய்த கையோடு அவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டது எங்களுக்குத் தெரியாது. "நிறுத்தாதீங்கடா, எய்யுங்கடா!" என்று தலைவன் கத்தினான். ஒன்றும் தெரியாமலே எய்தோம். எதிர்க்காற்றில் எங்கள் அம்புகள் தளர்ந்து, அவர்களுக்கு நாற்பது அடி முன்னாலேயே பனியில் விழுந்தன. பியர்ஸ் என்னைக் கிண்டல் செய்துகொண்டே எய்தான். "என்ன மச்சான், அதுக்குள்ள கை ஓஞ்சு போச்சா? எங்கப்பன் கட்டினது, விட்டா தானா ஆள் தேடிப் போகும்" என்றான். நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு கட்டு அம்பையும் அவன்தான் முதலில் தீர்த்தான்.

எங்களிடம் அம்பு தீர்ந்ததும் எதிரே சிரிப்புச் சத்தம் கேட்டது. "இன்னும் அனுப்புங்கடா, இது பத்தாது!" என்றான் ஒருவன். முன்னால் நடந்து வந்து, பனியில் கிடந்த எங்கள் அம்புகளைப் பிடுங்கி எங்கள் மேலேயே எய்தார்கள். திருப்பி எய்ய எங்களிடம் ஒன்றும் இல்லை. நின்று சாக முடியாமல் வரிசை கலைந்து, கோடரி ஏந்தியவர்கள் மேலேயே போய் விழுந்தோம். சண்டை அங்கேயே முடிந்தது மாமா. அதற்கப்புறம் இருட்டும்வரை நடந்தது வெறும் கசாப்பு.

பியர்ஸுக்கு வயிற்றில் பட்டது. மத்தியானம்வரை உயிர் போகவில்லை. வலி தாங்காமல் பனியையும் மண்ணையும் மென்றான். நான் அம்பைப் பிடுங்கினேன், குடலும் கூடவே வந்தது. அம்பின் வாலில் பச்சைப் பட்டு நூல், மூன்று முடிச்சு. நம் பக்கத்திலும் சரி, அவர்கள் பக்கத்திலும் சரி, உங்களைத் தவிர யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அவனும் அதைப் பார்த்தான். "அப்பாவுக்குத் தெரிய வேணாம் மச்சான். பாவம், கெழவன்" என்றான். சத்தியம் செய்து கொடுத்தேன். இன்று அதை மீறுகிறேன்.

அவன் சண்டைக்குப் போகமாட்டேன் என்றபோது, "பொட்டப்பயலையா பெத்தேன்?" என்று சந்தையில் நாலு பேர் பார்க்க நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. அந்தக் கோபத்தில் இதை எழுதவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

ஆனால் நிக்கல் ஒரு பாவமும் அறியாதவன். விரல் போனால் அவன் என்ன வேலை செய்வான்? அக்கரைக்குப் போகாதீர்கள் மாமா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அந்த அம்பின் வால் துண்டைத் துணியில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்னை நம்பினால் பிரிக்காமல் அடுப்பில் போடுங்கள். நம்பாவிட்டால் பிரித்து முடிச்சை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

ஜெர்வாஸ்