படத்தில் இல்லாத விரிசல்

மார்ச் 3, காலை 9:10

நிலவு, குன்றடி ஓவியக் குடில். எழுதுபவள் எஸ்தர் ராஜமணி, ஓவியர், சொந்த ஊர் மதுரை. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. சப்பாத்தி மட்டும் செருப்புத் தோல்.

இங்கே நான் ஒருத்திதான். பெரிய நிலையம் குன்றுக்கு அந்தப் பக்கம், வண்டியில் ஒரு நாள் தூரம். குன்று மறைப்பதால் அவர்களோடு நேராகப் பேச வழியில்லை. எதுவானாலும் பூமியிடம் சொல்லி, பூமி அவர்களிடம் சொல்ல வேண்டும்.

நிலவின் சாம்பல் நிறம் ஜனங்களுக்குச் சலித்துவிட்டதாம். அதனால் வரைந்து காட்ட என்னை அனுப்பினார்கள். நான் வரைவதும் அப்படியே போவதில்லை. ஓவியமோ, கேமராப் படமோ, வீடியோவோ, இங்கிருந்து போவது வெறும் கோட்டுருவம். மிச்சத்தைப் பூமியில் 'ஒப்பனை' என்ற மென்பொருள் நிரப்புகிறது. பார்ப்பவர்களின் கண் எதில் நிற்கிறதோ அதற்கேற்றபடி நிரப்புகிறது. நேற்று நான் வரைந்த மேட்டுக்கு ஊதா வானம் மாட்டிவிட்டது. கோடிப் பேர் ரசித்தார்களாம். கீழே என் கையெழுத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, பெரிய மனசு.

மார்ச் 5, காலை 11:30

கூரை வளைவில் விரிசல், முடியளவு. விரலால் தடவினால் நகம் மாட்டுகிறது. படம் எடுத்து அனுப்பினேன். தரைக் கட்டுப்பாட்டில் செபாஸ்டின், தூத்துக்குடிக்காரன், தங்கமான பையன். பதில் வந்தது.

"எக்கா, படத்தப் பெருசு பண்ணியே பாத்துட்டேன். கூரை பளபளன்னு இருக்கு. காத்தழுத்தமும் எறங்கல. நெழலப் பாத்துப் பயந்துட்டியளோ?"

"நெழலு எது, விரிசல் எதுன்னு தெரியாமத்தான் இருபது வருசமா படம் வரையுறேனாடா?"

"கோவிச்சுக்கிடாதிய. படத்துல சேதம் தெரிஞ்சாத்தான் வண்டி அனுப்ப உத்தரவு போடுவாவ. நான் என்ன செய்ய?"

மார்ச் 6, மாலை 4:00

விரிசல் கையகலம் ஆகிவிட்டது. எடுத்த படங்களில் ஒன்றில்கூட அது இல்லை. இப்போதுதான் எனக்கு உறைத்தது. விரிசல் அசிங்கம், யாரும் பார்க்க விரும்பாதது. ஒப்பனை அதைத் துடைத்துவிட்டுத்தான் படத்தை முடிக்கிறது.

செபாஸ்டினிடம் அதை நிறுத்தச் சொன்னேன். "மூலப் படம்னு ஒண்ணு இங்க வாரதே இல்லக்கா. வாரது வெறும் கோடுதான். ஒப்பனை இல்லன்னா திரையில ஒண்ணுமே தெரியாது."

சரி, கையால் காட்டுகிறேன் என்று கரித்துண்டை எடுத்தேன். விரிசலை உள்ளது உள்ளபடி வரைந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் வரைந்ததில்லை. பக்கத்தில் 'கூரை உடைகிறது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கேமரா முன்னால் பிடித்தேன்.

"எக்கா, இந்தப் பூங்கொடிப் படம் அமோகம். எலையெல்லாம் என்னமா நெளியுது. எல்லாரும் இதத்தான் வச்சிருக்காவ செல்லுல."

தாளைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக வாயால் சொன்னேன். செபாஸ்டின் எழுதிக்கொண்டு மேலே கொடுத்தான். அவர்கள் படத்தைப் பார்த்தார்கள். தனிமையில் இப்படித் தோன்றும் என்று டாக்டர் சொன்னாராம். நான் சொல்வது ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்றால் படத்தைத்தான் நம்புவார்களாம்.

மார்ச் 8, காலை 8:20

அக்கா வீடியோவில் வந்தாள். நான் காய்ச்சலில் கிடக்கிறேன், உதடு வெடித்திருக்கிறது, அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னடி எஸ்தரு, கன்னமெல்லாம் உப்பிப்போயி ஆளு பளிச்சுனு இருக்க. இப்பிடிச் சிரிச்சு ஒன்னயப் பாத்து எம்புட்டு நாளாச்சு."

அழுகிறேன் அக்கா என்றேன். ஆனந்தக் கண்ணீரு என்றாள்.

அவளும் பளிச்சென்றுதான் இருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிறவள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. இன்று அது ஒரு பொட்டுகூட இல்லை. ஆக, அங்கிருந்து இங்கே வருவதும் ஒப்பனை வழியாகத்தான் வருகிறது. என் அக்காவை இத்தனை வாரமாக நான் பார்க்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 9, மதியம் 2:15

அழுத்தம் இறங்க ஆரம்பித்துவிட்டது. காற்று கசியும் சத்தம், குக்கர் போல. விண்ணுடுப்பைப் போட்டுக்கொண்டேன், அதன் காற்றை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கருவி காட்டும் எண்ணுக்கு ஒப்பனை போட முடியாதே. செபாஸ்டின் உடனே அழைத்தான்.

"எக்கா, மன்னிச்சிருங்க. நீங்க சொன்னது நெசந்தான். வண்டி கெளம்பிட்டு. நாளைக்கு வந்துருவாவ. தைரியமா இருங்க."

தெய்வமே. அவனைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போனதும் அவனுக்கு விருந்து வைக்க வேண்டும்.

மார்ச் 10, மதியம் 3:40

திரையில் வண்டி வந்துவிட்டது. நேரடி ஒளிபரப்பு. வெள்ளை வண்டி என் வாசலில் நிற்கிறது, இரண்டு பேர் இறங்கிக் கையசைக்கிறார்கள். பூமியில் கைதட்டல் காதைப் பிளக்கிறது.

"வந்துட்டாவக்கா! கதவத் தொறங்க!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வெறும் சாம்பல் தரை. வண்டி இல்லை, சக்கரத் தடம் இல்லை. குன்றில் எங்கேயோ பள்ளத்தில் சிக்கி நிற்கிறதோ என்னவோ. சிக்கும் முன் அதன் கேமராவிலிருந்து கடைசியாகப் போன கோட்டுக்கு ஒப்பனை தனக்குப் பிடித்த முடிவைப் போட்டுவிட்டது.

"செபாஸ்டின், இங்க யாருமே இல்லடா."

"பக்கத்துலதான நிக்காவ. பயத்துல கண்ணு ஏமாத்தும்னு டாக்டர் சொன்னாரு. கதவத் தொறந்து ஏறுங்கக்கா."

மார்ச் 10, மாலை 4:05

திரையில் நான் வண்டியில் ஏறுகிறேன். உதடு நன்றாக இருக்கிறது. திரும்பிக் கையசைக்கிறேன். என்னைவிட அழகாகச் சிரிக்கிறேன். அக்கா கட்டுப்பாட்டு அறைக்கே வந்து அழுதுகொண்டு கைதட்டுகிறாள்.

"நல்லபடியா போய்ச் சேருங்கக்கா. குன்றுப் பள்ளத்துல வண்டிக்குச் சிக்னல் கெடைக்காது. நாளைக்குப் பேசுவோம்."

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கைதட்டலில் அவனுக்குக் கேட்கவில்லை. இணைப்பை மூடிவிட்டான். குடில் காலி என்று பதிவாகிவிட்டது, இனி இங்கிருந்து யாரையும் அழைக்க முடியாது.

மார்ச் 10

விரிசல் ஜன்னல் வரை வந்துவிட்டது. உடுப்பில் காற்று குறைகிறது. கையுறை போட்ட கையால் கரித்துண்டைப் பிடிக்க வரவில்லை.

இதை எடுத்துப் படிப்பவருக்கு. உங்களிடம் படம் இருக்கும். அதில் நான் சிரித்திருப்பேன். அதை எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். நான் ஏறவில்லை. அக்காவிடம் சொல்லுங்கள், அது நான் இல்லை, நான் ஏற