தண்ணீரில் போனவனுக்குத் தராசு இல்லை

17 அக்டோபர் 1961

நான் முன்பே சொன்னதுதான் நடந்திருக்கிறது. செலின் எழுதிய பாட்டைக் கல்லறைத் திருநாளில் பாடக்கூடாதாம். கோயில் உபதேசியார் வியாகுலத்தின் உத்தரவு. மருமகள் பேனாவைத் திறந்த அன்றே இதைச் சொன்னேன். என் தங்கை அமுதத்துக்கு நினைவில்லையாம். அவளுக்கு எதுதான் நினைவிருந்தது?

பாட்டு செலினின் அப்பன், அமுதத்தின் புருசன் இராயப்பனுக்காக. இந்த ஜூன் காற்றில் வள்ளத்தோடு கடலில் போனான், உடல் கிடைக்கவில்லை. ஊரே கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது அமுதம் எங்கே போய் நிற்பாள்?

18 அக்டோபர்

பாட்டில் வரும் எகிப்து விஷயம் முழுவதும் நான் கொடுத்தது. கப்பலில் பண்டாரியாகச் சமைத்த காலத்தில் பிரமிடு உச்சியில் உட்கார்ந்து பீடி குடித்தவன் இந்தத் தீவில் வேறு யார்? அங்கே செத்தவன் நெஞ்சைத் தராசில் வைப்பார்கள், எதிர்த்தட்டில் ஒரு இறகு. நெஞ்சு கனத்தால் முதலைமூஞ்சி மிருகம் விழுங்கிவிடும். கனக்காவிட்டால் சூரியன் போகும் படகில் இடம். செலின் அதைப் பாட்டாக்கி இப்படி முடித்திருக்கிறாள்:

தண்ணீரில் போனவனுக்குத் தராசு இல்லை —
படகே வந்து பேர் சொல்லிக் கூப்பிடும்.

இதிலா பாவம்?

22 அக்டோபர்

பாம்பூஃப்ளாட் போகும் பயணிகள் படகில் உபதேசியாரைப் பிடித்தேன்.

"பார்வோன் நாட்டுக் கதையக் கோயில்ல பாடவா, அடைக்கலம்?"

"ஏரோதுக்குப் பயந்து சூசையப்பர் பிள்ளையத் தூக்கிட்டு எங்க ஓடுனாரு? எகிப்துக்கா, ராமேஸ்வரத்துக்கா?"

படகே சிரித்தது, பெங்காலிகள் உட்பட. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அது வேறு.

அந்த ஆள் சிரிக்கவில்லை. "இராயப்பன் பாவசங்கீர்த்தனம் பண்ணாமப் போனவன். குடி வேற. அவனுக்குத் தராசு இல்லன்னு நீ யாருலே சொல்ல?"

பக்கத்தில் அமுதம். அவள் காதுபட — சே, மனுசனா அவன்?

23 அக்டோபர்

அமுதம் அடுப்பே மூட்டவில்லை.

"அண்ணே, எகிப்துல நெசமாவே தண்ணியில போனவுகளுக்குத் தராசு இல்லயா?"

"கல்லுல வெட்டி வச்சிருக்கான். இந்தக் கையால தடவிப் பாத்தேன்."

எழுந்து உலை வைத்தாள்.

30 அக்டோபர்

கோயில் இல்லாவிட்டால் கடல் இல்லையா? உபதேசியார் கடலுக்குமா பூட்டுப் போடுவார்?

2 நவம்பர்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் பாடினோம். ஐந்நூறு பேர் — சரி, அறுபது இருக்கும். கடலுக்கு ஆளைக் கொடுத்த வீடெல்லாம் வந்தது. நம் மதமில்லாத நீலாவதிகூடத் தன் புருசனுக்காகக் கற்பூரம் கொண்டுவந்தாள். காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை, தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்து ஏற்றினோம். செலின் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. மிச்சத்தை அமுதம் எடுத்துப் பாடினாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

முடிந்தபின் பார்த்தால் உபதேசியார் பின்னால் நிற்கிறார். சண்டைக்குத் தயாரானேன். அவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் தம்பியும் சொந்த ஊரில், மணப்பாட்டுக் கடலில் போனவனாம். இது எனக்குத் தெரியாது.

"அமுதம் சொன்ன அந்தக் கல்லுல எழுதுனது... நம்ம ஊர்க் கடலுக்கும் சேத்துத்தானா?"

"எல்லாத் தண்ணிக்கும் சேத்துத்தான்."

தலையாட்டிவிட்டுப் போய் ஒரு சிரட்டை எடுத்துக்கொண்டார்.

தராசு, இறகு, முதலை, படகு எல்லாம் எகிப்துக்காரனுடையது. தண்ணீரில் போனவனுக்குத் தராசு இல்லை என்று எந்தக் கல்லிலும் கிடையாது. ஜூனில் அமுதம் என் சட்டையைப் பிடித்து, "அவுக நரகத்துலயா இருக்காக?" என்று கேட்டபோது என் வாயில் வந்தது அது.