நீ கேட்ட அரை நாள்

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது. மேல் வீட்டுப் பெண்ணுக்கு வருகிற கிழமை குடியுரிமை வைபவமாம். "சாறி உடுத்தலாமோ அக்கா, கோட்டுத்தான் போடவேணுமோ?" என்று வாசலில் நின்று கேட்டாள். அவளுக்கு இரவலாக ஒன்று எடுக்கத்தான் அலுமாரியைத் திறந்தேன். கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். நீயும் இதைத்தான் கேட்டாய். உன் செத்தவீடு முடிந்து இரண்டு மாரி போய்விட்டது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

டவுன்டவுன் ஹோட்டலின் நிலக்கீழ் சலவை அறையில், படுக்கை விரிப்பின் ஒரு நுனியை நீயும் மறு நுனியை நானும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாய். எனக்கு முதலே குடியுரிமை கிடைத்திருந்ததால் எல்லாம் தெரிந்தவள்போலச் சொன்னேன்: சாறியே உடுத்து. வெளியில் பனிச்சேறு, பூட்ஸோடு போய் அங்கே செருப்பை மாற்று. வதிவிட அட்டையை மறக்காதே, அதை வாங்கிக்கொண்டுதான் குடியுரிமைப் பத்திரம் தருவார்கள். வலது கையை உயர்த்தி பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் உறுதிமொழி சொல்லவேண்டும்.

"பிழையாச் சொன்னா திருப்பி அனுப்பிப்போடுவினமோ?"

"எல்லாரும் சேந்து சத்தமாச் சொல்லேக்கை உன்ர பிழை ஆருக்குக் கேக்கும்?"

அதற்குப் பிறகும் நீ விடவில்லை. விரிப்பை மடிக்க மடிக்க அந்தப் பிரெஞ்சு வரிகளை முணுமுணுத்தாய். நீல நிறத்தில் ஒரு சாறி வாங்கினாய். மெட்ரோவில் வீடு திரும்பும்போது, "பாஸ்போட் வந்த உடனை அம்மாட்டைப் போறன்" என்பாய். உன்னிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கையைத் தவிர எங்கும் போகலாம். யாழ்ப்பாணத்தில் அப்போது சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்தது. நம்மவர்கள் போய் வந்து படம் காட்டினார்கள். உன் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் வெள்ளைக்காரர் இல்லை. நம்மட ஆள். நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிட்ட மனிதர். வெகுநாள் முன்பே நீ வைபவத்துக்கு அரை நாள் லீவு கேட்டாய், ஓம் என்று தலையாட்டினார். வைபவத்துக்கு முதல் நாள் பின்னேரம் வந்து, "நாளைக்கு ஹோட்டல் நிரம்பி வழியுது. லீவு தர ஏலாது" என்றார்.

"அண்ணை, நாளைக்குத்தான் சத்தியப்பிரமாணம்."

"பேந்து வேறை நாள் தருவாங்கள். நாளைக்கு வராட்டில் பிறகும் வரத் தேவையில்லை."

உன்னுடைய மெசினையும் நானே பார்க்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். "உம்மட வேலையைப் பாரும்" என்றார். தன்னுடைய வைபவத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துச் சட்டம் போட்டு வைத்திருந்த மனிதர் அவர்.

மறுநாள் நீ சாறியை ஒரு பையில் கொண்டுவந்தாய். இடையில் மனம் மாறி விடுவார் என்று நம்பினாய். அவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாய். வைபவ நேரம் வந்தது, போனது. நீ தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாய்.

மறு தவணை வர மாதங்கள் எடுத்தன. அதற்குள் சண்டை தொடங்கிப் பாதை மூடிப்போனது. மாரி மழையில் அம்மா போய்விட்டார் என்று தொலைபேசியில் உனக்குச் சேதி வந்தது. இரண்டாம் வைபவத்துக்கு வேலைக்குப் போடும் காற்சட்டையும் சுவெற்றரும்தான் போட்டு வந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "ஆருக்குக் காட்டிறதுக்கு?" என்றாய். உறுதிமொழியை ஒரு சொல் பிசகாமல் சொன்னாய். அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். மறுநாள் இனிப்புப் பெட்டியைக் கொண்டுவந்து முதல் துண்டை அந்த அண்ணைக்கே நீட்டினாய். நான் பல்லைக் கடித்தேன். "அவருக்கும் மேலை ஆக்கள் இருக்கினம் அக்கா" என்றாய். எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லை. வாய்க்கவும் வேண்டாம்.

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது, விரைவாகவே கொண்டுபோனது. செத்தவீட்டு மண்டபத்தில் அந்த அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு பேச எழும்பினார். "எங்களோடை வேலை செய்த காலத்திலை ஒரு நாளும் லீவு கேட்காத பிள்ளை" என்றார். சனம் தலையாட்டியது.

நான் எழும்பினேன். "கேட்டவள், அண்ணை. ஒருக்காக் கேட்டவள். நீங்கள்தான் குடுக்கேல்லை."

பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தங்கச்சி, இது அதுக்கான இடமில்லை" என்றார்.

"இந்த அரை நாளாலைதான் தாயின்ர முகம் பாக்காமல் போனவள். இதை வேறை எங்கை சொல்லுறது?"

அவர் தன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளை மடித்துக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருந்தார். செத்தவீட்டில் கதைக்கிற கதையா என்று பலர் என்னைத் திட்டினார்கள். இன்றைக்கும் கடையில் கண்டால் முகத்தைத் திருப்பும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இப்போது வேறு ஹோட்டலில் வேலை. அங்கே நான் லீவு கேட்பதில்லை. "அண்டைக்கு நான் வரமாட்டன்" என்று சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் நாக்கு உலர்ந்துபோகிறது. என்றாலும், சொல்லி முடித்த பிறகு பார்வையைத் தாழ்த்தாமல் அப்படியே நிற்கிறேன்.