புரட்டாசியில் மீன் வாங்காத அக்காவுக்கு

அக்கா,

குளியலறைத் தரையில் குளோரின் ஊற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக மகள் யாழினிக்கு வயிறு சரியில்லை. அவள் பள்ளிக்குப் போகவில்லை, நான் வேலைக்குப் போகவில்லை. இந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் ஓட்டிய பள்ளி வேன்தான் கண்ணில் வந்து நிற்கிறது. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்போது அவள் முதலாம் ஆண்டு. வயிற்றுப்போக்கு இரண்டாவது வாரத்தைத் தொட்டிருந்தது. ஒரு நாள் நிற்கும், மறுநாள் திரும்ப வரும். மனைவியின் லீவெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. கூலாய் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அன்று ஆடிட். மெஷின்களுக்குப் பொறுப்பு நான். "முழுசா நின்னு ரெண்டு நாள் ஆனாத்தான் பள்ளிக்கு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியாகப் போனது முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு. பதினான்கு மணி நேரம், போதும் என்று நானே முடிவு செய்தேன். காலணி மாட்டிவிடும்போது, "வேன் ஆன்ட்டி கேட்டா சரியாயிடுச்சுன்னு சொல்லணும்" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

வேன் கதவைத் திறக்கும் முன்பே கேட்டீர்கள். "நின்னுடுச்சா தம்பி? பதினோரு புள்ளைங்க ஏறுது."

"நின்னு ரெண்டு நாளாச்சுக்கா."

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு உங்களைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பாதி வழியில் அவளால் அடக்க முடியவில்லை. பின்னால் இருந்த பிள்ளைகள் "ஆன்ட்டி, நாத்தம்!" என்று கத்தியிருக்கிறார்கள். பெட்ரோல் நிலையத்தில் வேனை நிறுத்தினீர்களாம். "அலமாக், ஐயோ, நான் வாங்குன மீன் பை ஓட்டை! தண்ணி பூரா யாழினி மேல ஒழுகிடுச்சு" என்றீர்களாம். முன் இருக்கையில் இருந்தவளைத் துண்டால் சுற்றி மறைத்தீர்களாம். அன்று எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குத் தாமதம்.

எனக்குப் போன் செய்தீர்கள். "புள்ள என் வீட்ல இருக்கா. குளிப்பாட்டி கஞ்சி குடுத்திருக்கேன். வேனயும் குளோரின் ஊத்திக் கழுவியாச்சு. மீன் தண்ணின்னு சொல்லி வச்சிருக்கேன், அப்படியே இருக்கட்டும்."

மதியம் பள்ளி விட்டதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழு கொதித்தது. பிள்ளைகள் ஏறும் வேனில் மீனா? "அதுவும் புரட்டாசியில! சாமி கும்புடுற மனுஷிதானே நீங்க?" என்று ஒருவர் எழுதினார். புரட்டாசி முழுக்க நீங்கள் கருவாட்டு வாசம்கூட வீட்டுக்குள் விடமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். "மன்னிச்சிடுங்க, இனிமே நடக்காது" என்று மட்டும் பதில் போட்டீர்கள். எல்லாரும் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். எழுதினேன்: "சுத்தம் முக்கியம்க்கா."

மாலையில் பிள்ளையை அழைத்துப்போக உங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் எழுதியதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மெஷின்ல அலாரம் அடிச்சா வயரப் புடுங்கிட்டு ஓட்டுவீங்களா? பெரிய டெக்னீஷியன்!" என்றீர்கள். பழியை ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று முனகினேன்.

"கூட்டாளிங்க முன்னாடி அவ தலை குனியக் கூடாதுல்ல. ஒங்களுக்காக இல்ல."

அந்த மாதமே மூன்று குடும்பங்கள் வேன் மாற்றின. நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் பள்ளி விடுமுறையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது, அதிலேயே போய்விட்டீர்கள். சாவு வீட்டில் ஒரு பிள்ளையின் அப்பா என் காதருகே, "நல்ல மனுஷிதான் லா, அந்த மீன் கூத்த மட்டும் மறக்க முடியாது" என்று சிரித்தார். கேட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளையின் மானத்துக்காகத்தான் பேசவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நோய் தீராத பிள்ளையை ஏற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். என் தலை ஒன்றுதான் குனிந்திருக்கும்.

இன்று துடைப்பானை வைத்துவிட்டு அந்தப் பழைய குழுவைத் திறந்தேன். "அன்று வேனில் மீன் இல்லை. பொய் சொன்னது நான்" என்று எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு டிக், யாருக்கும் போய்ச் சேரவில்லை. மேலே பார்த்தால், இரங்கல் போட்ட கையோடு எல்லாரும் விலகியிருக்கிறார்கள். மிச்சம் நீங்களும் நானும்தான்.

அவர்கள் எல்லாரும் இதே தம்போய் ஊரில்தான் இருக்கிறார்கள், அக்கா. பாசாரில் காய்கறி வாங்கும்போது எதிரே வருகிறார்கள். "மக எப்படி இருக்கா?" என்கிறார்கள். "நல்லா இருக்கா" என்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதுவரை வரவில்லை.