காரைக்கால்காரன் மனைவி

26 மார்ச் 1933, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு இருதயம் வந்திருந்தார். பத்திரிகையில் வந்த புதுச் சட்டத்தைப் பற்றி அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்நியர்கள் மலாயாவில் கரையிறங்க இனி அனுமதி வேண்டுமாம். ஏற்கெனவே இங்கே இருப்பவர்களும் சான்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லதாம்.

"நமக்கில்ல லா. சீனங்களுக்கு."

இருதயம் மீன் முள்ளைத் தட்டின் ஓரம் ஒதுக்கினார். "எனக்கும்தான் மாமா."

"நாகப்பட்டினத்துக்காரனுக்கு என்னவாம்?"

"கப்பல் ஏறினதுதான் நாகப்பட்டினம். பொறந்தது காரைக்கால்."

நாகப்பட்டினம் பிரிட்டிஷாருடையது, காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களுடையது. இருதயம் எட்டு வருடமாக பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். ஜூனில் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவர். அடுத்த வாரம் முதல் அந்நியர்.

அம்மா அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். அப்பா கை கழுவ எழுந்துவிட்டார்.

28 மார்ச்

இரண்டு ஊருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று இருதயத்திடம் கேட்டேன். ஒரு சுங்கச்சாவடி, என்றார். ரெண்டு பக்கமும் ஒரே உப்புக் காற்று.

2 ஏப்ரல்

என் சிநேகிதி டொரத்தி வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். அவளிடம் சட்டப் புத்தகம் இரவல் வாங்கினேன். மதராஸில் மூன்று வருடம் சரித்திரம் படித்தது இதற்காவது உதவட்டும்.

அந்நியர் என்றால் பிரிட்டிஷ் பிரஜை அல்லாதவர். சரி. பிரஜைகளைப் பற்றிய பகுதியில் ஒரு வரி — அந்நியனின் மனைவியும் அப்படியே.

இரண்டு முறை படித்தேன்.

ஆங்கிலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். தமிழில் நான் யார்? அந்நியளா? அந்நியையா? எதுவும் கேட்ட மாதிரி இல்லை. நான் பிறந்தது பினாங்கில். நடக்கப் பழகியது இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில். மதராஸ் விடுதியில் என்னை மலாயாக்காரி என்றே கூப்பிட்டார்கள். அங்கே மலாயாக்காரி. இங்கே?

"இனிமே நீ பிரெஞ்சுக்காரிடி. ஒரு தொப்பி வாங்கிக்க லா," என்கிறாள் டொரத்தி.

சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

9 ஏப்ரல்

அப்பா வழி கண்டுபிடித்துவிட்டார். கப்பல் ஏஜெண்டு அன்று இருதயத்தின் சொந்த ஊர் என்று நாகப்பட்டினத்தைத்தான் எழுதியிருக்கிறார். ஏறிய ஊரைக் கேட்டார், இவர் சொன்னார், அவ்வளவுதான். அந்தத் தப்பு அப்படியே இருக்கட்டும் என்கிறார் அப்பா. யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

அப்பா பொய்யர் இல்லை. ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. டிக்கெட் இல்லாமல் சொந்தத் தம்பியையே ஏற்றாதவர். பயம்.

"அந்நியன்னு எழுதிட்டா அவன எப்ப வேணாலும் கப்பல் ஏத்தலாம். வெளிய போனா திரும்ப விடமாட்டான். அப்ப நீயும்தானே போவே?"

போவேன் என்றேன்.

14 ஏப்ரல், பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து நானும் இருதயமும் கோவில் வாசலில் நின்றோம்.

"நாகப்பட்டினமாவே இருந்துடறேன், பெர்னடெட். உனக்காக."

எனக்காகவா? எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். ஒருவர் தன் ஊரை விட்டுத் தருவது எனக்கு என்ன பரிசு? நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கும் சொல்லித்தர வேண்டும் — யாராவது கேட்டால் இந்த ஊர்ன்னு சொல்லுடா என்று.

"உள்ளதச் சொல்லிட்டு இருப்போம். இருக்க விடலன்னா அது அவங்க பண்ற தப்பு. நம்ம தப்பு இல்ல."

அவர் தலையாட்டினார். பிறகு, உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு, என்றார்.

பயந்தாங்கொள்ளி. நானும் இன்று சொல்லவில்லை.

15 ஏப்ரல்

சொல்லிவிட்டேன். "அந்தச் சான்று ஆபீஸ் படி நான் ஏறமாட்டேன்," என்றார் அப்பா. அவ்வளவுதான்.

4 ஜூன், ஞாயிறு

பூசையில் எங்கள் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் மூன்று ஓலைகளில் முதலாவதை வாசித்தார்கள். மாப்பிள்ளையின் ஊர் காரைக்கால் என்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சாமியாரிடம் நான்தான் கேட்டிருந்தேன். வாசித்தார். முன் பெஞ்சுகள் திரும்பிப் பார்த்தன. நானும் அவர்களைப் பார்த்தேன்.

இரண்டாம் ஓலைக்கு வேறு கோவிலுக்குப் போகிறாராம் அப்பா.

11 ஜூன்

போகவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

21 ஜூன்

கல்யாணம். மழை. காலையில் பிரஜை. மத்தியானம் அந்நியள் — இந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். கோப்பி அதே கசப்பு.

10 ஜூலை

சான்றுக்குப் போனோம். அப்பா வேலைக்கு லீவு போட்டிருந்தார். மழை வரும், குடை பிடிக்க ஆள் வேண்டாமா என்று கூட வந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

இருதயத்துடையது சீக்கிரம் முடிந்தது. சொந்த ஊர் காரைக்கால் என்று திருத்தினார்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஒரு அதட்டல், அவ்வளவுதான். அடுத்து நான். எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன், அப்பாவுக்குப் பழக்கம்.

"மலாயாவுக்கு எப்ப வந்தீங்க?"

"வரல. இங்கதான் இருந்தேன்."

"தேதி போடணும்மா. அந்நியர்னா எங்கேருந்தாவது வந்திருக்கணும்ல."

"வரலன்னு போடுங்க."

அப்படிப் போட இடமில்லை என்றார். உள்ளே துரையிடம் கேட்டுவிட்டு வந்தார். கல்யாண நாளையே வந்த நாளாக எழுதலாமாம். அதையும் அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

"சரி. கப்பல் பேரு?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரிக்‌ஷா," என்றார் அப்பா. "கல்யாணத்தன்னிக்குப் புள்ள கோவிலுக்கு ரிக்‌ஷாவுலதான் வந்துச்சு. கூட்டியாந்தது நான். எழுதிக்க லா."

ராதாகிருஷ்ணன் பேனாவை மையில் தோய்த்துவிட்டு, எழுதாமல், அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.