ஒரு சார்ஜுக்கு எத்தனை பாயிண்ட்

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. வடக்குப்பட்டில் நானும் அப்பாவும் சுகம், பூனாவில் நீ சுகம் என்று இந்தத் தடவை நீயே சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை. அப்பா ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸுக்கு ரூட் மாற்றிவிட்டார்கள், அவர் முதுகு வலி பரவாயில்லை, மணிமங்கலத்துப் பிரவீனாவுக்குத் தை மாதம் கல்யாணம்.

போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ, சும்மா பொழுதுபோக்குக்கு சர்க்யூட் செய்யப் போகிறேன், ஈயம் வைக்க சால்ட்ரிங் அயன் வயர் வைத்தது வாங்கலாமா, சார்ஜ் போடுவது வாங்கலாமா என்று கேட்டாய். பதினோரு வருஷமாகக் கம்பெனி லைனில் போர்டுக்கு ஈயம் வைக்கிறவளிடம் மகன் யோசனை கேட்கிறான் என்று பெருமையாகத்தான் இருந்தது. ரூமில் உட்கார்ந்து செய்ய வயர் வைத்ததே போதும், சூடு இறங்காது என்றேன். ப்ளக் இல்லாத இடத்தில் என்ன செய்வது, ஒரு சார்ஜுக்கு எத்தனை பாயிண்ட் வைக்கலாம் என்றாய். அங்கேதான் எனக்கு உறுத்தியது. பொழுதுபோக்குக்குச் செய்கிறவன் எத்தனை இடத்தில் ஈயம் வைத்தோம் என்று பாயிண்ட் எண்ண மாட்டான் ரஞ்சித். டார்கெட் உள்ள நாங்கள் எண்ணுவோம், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் எண்ணுவார்கள். அதுவும் நீ பேசியது பகல் பதினோரு மணிக்கு. உன் கம்பெனியில் ஷிப்ட் முடிகிற வரை போனை லாக்கரில் வைத்துப் பூட்டுவார்கள் என்று நீதானே சொன்னாய், அப்புறம் உன் பின்னால் ஆட்டோ ஹார்ன் எப்படிக் கேட்டது? அப்பாவிடம் சொன்னால், அவனுக்கு இன்னா கொறைச்சல், நீ சும்மா சந்தேகப்பட்டுகினு கீறே என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

வேலை போயிருந்தால் போகட்டும், இங்கேயும் காண்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் மறைத்தாயே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சார்ஜ் அயனை நம்பி நாள் முழுக்க வேலை பார்க்காதே, சார்ஜ் குறையக் குறைய நுனி ஆறிப்போகும், ஈயம் பிடித்த மாதிரிதான் தெரியும், நாலு நாளில் ஒட்டு விட்டுப்போய், ரிப்பேருக்குக் கொடுத்தவன் உன்னிடமே சண்டைக்கு வருவான். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதே.

இந்தப் பார்சலில் வீட்டில் நான் வைத்திருந்த வயர் அயனும் மாற்றிப் போட இரண்டு நுனியும் இருக்கின்றன, ப்ளக் உள்ள கடை ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், பெருமாள் உன்னைக் கைவிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில்தான் இருப்பார், போன் செய்ய மறக்காதே. நான் நினைத்தது தப்பு என்றால் அயனைத் திருப்பி அனுப்பிவிடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். நீயே வைத்துக்கொண்டால் எனக்கு ஒரு விளக்கமும் சொல்ல வேண்டாம்.

உன் அம்மா,
கன்னியம்மா