வெட்டாத தாள்கள்

உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உன் புடவைகளிலும் இதே வாசம்தான். "அவ புக்கெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்மா, நீங்கதான் படிப்பீங்க" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. பாவம், உன்னை ஒரு தடவையாவது ஜெயிக்கத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஆபீஸ் சாப்பாட்டு அறையில் ஜனவரிதோறும் சார்ட் பேப்பர் ஒட்டும் வழக்கத்தை ஆரம்பித்தவள் நீ. வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று அவரவர் எழுத வேண்டும். முடித்த புத்தகத்தின் கதையைத் திங்கட்கிழமை சாப்பிடும்போது சொன்னால் ஒரு நட்சத்திரம். எல்லாரையும்விடக் குறைவாகப் படித்தவர், அடுத்த வருடத்தின் முதல் வேலைநாளில் அத்தனை பேருக்கும் பிசிபேளாபாத் செய்துவர வேண்டும். நீ ஐம்பத்திரண்டு எழுதுவாய், நான் இருபது. ஒன்பது வருடம் அந்தப் பெரிய பாத்திரத்தை மடியில் துண்டு போட்டு வைத்துக்கொண்டு ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் ஆபீசுக்குப் போனவள் நான்தான்.

திங்கட்கிழமை காலையில் என் மேஜையருகே வந்து நிற்பாய். "ஆய்த்தா?" முடிந்ததா என்று கேட்கும் அந்த ஒரு கன்னட வார்த்தைக்குள் எவ்வளவு இளக்காரத்தை அடைத்துவைத்திருந்தாய். இல்லை என்று நான் தலையாட்டினால், "சரி விடு, தங்கச்சிதான் கொலை பண்ணா. இப்ப நிம்மதியா படி" என்று முடிவைப் போட்டு உடைத்துவிட்டுப் போவாய்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் நான் பதினொன்றோடு நின்றுவிட்டேன். "புக்க மடியில வெச்சுக்கிட்டுத் தூங்கறதெல்லாம் படிக்கறதுல சேராதுடி" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மன்னிக்கவில்லை. நீ செத்த பிறகும் மன்னிக்கவில்லை.

இப்போது பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால், எல்லாவற்றிலும் ஐம்பதாம் பக்கத்தை ஒட்டி ஒரு பஸ் டிக்கெட். ஒரு தடித்த நாவலில் டிக்கெட்டுக்கு அப்புறம் இருந்த தாள்கள் அச்சகத்தில் வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. பிரிக்காமல் படிக்க வழியே இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் உன் மஞ்சள் விரல்ரேகை. முதல் ஐம்பது பக்கம், பிறகு முடிவு. அவ்வளவுதான் உன் படிப்பு. இதே நாவலின் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி நீ நட்சத்திரம் வாங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கார்த்திகையில் நீ போவதற்குள் ஐம்பத்திரண்டு நட்சத்திரமும் விழுந்திருந்தன. நாளை முதல் வேலைநாள். உன் நினைவாகப் புது சார்ட்டின் தலையில் உன் பெயரை எழுதப் போகிறார்கள். நம் ஆபீஸ் சவிதா நேற்று போன் செய்தாள். "நீங்கதான் மேடம் நாலு வார்த்தை பேசணும். பிசிபேளாபாத்தும் உங்களுதுதான், மறந்துடாதீங்க." சரி என்றேன். பாத்திரத்துக்குப் பதிலாக இந்த நாவலை மேஜையில் வைத்து, இவள் படித்த லட்சணத்தைப் பாருங்கள் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். செத்தவளைப் பேசலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உயிரோடு இருந்தவளை நீ விட்டுவைத்தாயா?

இன்று காலை காபியோடு அதைப் புரட்டினேன். ஐம்பது பக்கம்வரை சுமார்தான். அங்கே அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பி பஸ் ஏறுகிறாள். எங்கே போனாள்? காய் நறுக்கும் கத்தியால் ஒரு தாளை வெட்டினேன். அப்புறம் இன்னொன்று. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது, வெட்டாத தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. உனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியை நானே அறுத்துப் போட்டிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

துவரம்பருப்பை ஊறப் போட்டிருக்கிறேன், பத்தாவது தடவையாக. நாளை என் பெயருக்கு நேரே ஐம்பத்திரண்டு என்று எழுதுவேன். எல்லாம் உன் பெட்டியில் இருப்பவை. அடையாளம் வைக்க உன் டிக்கெட்டையே எடுத்து பர்ஸில் வைத்துக்கொண்டேன். நீ விட்ட இடங்களையெல்லாம் படிப்பேன், நடுவில் நடந்த எதையும் உனக்குச் சொல்ல மாட்டேன். பஸ் ஏறியவள் எங்கே போனாள் என்று தெரியாமலே கிட.

திங்கட்கிழமை என் மேஜையருகே யாரும் வந்து நிற்கப்போவதில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டுக்கொள்: ஆய்த்து.